ஆல்டோ லியோபோல்ட்

ஆல்டோ லியோபோல்ட் (சனவரி 11, 1887 – ஏப்ரல் 21, 1948) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த வனவியலாளர், சூழலியலாளர், எழுத்தாளர் ஆவார். சீரழிந்த நிலத்தையும் ஆறுகளையும் காட்டுயிர் வாழிடங்களையும் மீட்டெடுக்கும் பணிக்கு அறிவியல் அடிப்படையும் அறநெறி அடிப்படையும் அமைத்தவர்களுள் முதன்மையானவராக இவர் கருதப்படுகிறார். இவர் மறைந்த பின்னர் 1949 இல் வெளிவந்த எ சாண்ட் கவுண்டி அல்மனாக் (மணல் மாவட்டப் பஞ்சாங்கம்) என்னும் நூல், இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட சூழலியல் நூல்களுள் பெரும் செல்வாக்குப் பெற்ற ஒன்றாகும். மண், நீர், தாவரங்கள், விலங்குகள் ஆகிய அனைத்தும் சேர்ந்த ஒரு சமூகத்தின் உறுப்பினனே மனிதன், அதன் உடைமையாளன் அல்லன் என்னும் நில அறக் கோட்பாடு இந்நூலில் விளக்கப்பட்டுள்ளது.

இளமைக் காலம்

லியோபோல்ட் ஐயோவா மாநிலத்தில் மிசிசிப்பி ஆற்றங்கரையில் அமைந்துள்ள பர்லிங்டன் நகரில் பிறந்தார். தந்தை கார்ல் லியோபோல்ட் எழுதுமேசைகள் செய்யும் தொழிற்சாலையை நடத்தி வந்தார். தாயின் பெயர் கிளாரா. இருவரும் செருமனியிலிருந்து குடியேறியவர்களின் வழிவந்தோர். இல்லத்தில் செருமன் மொழியே பேசப்பட்டது.

மேட்டில் இருந்த இவர்களது வீட்டிலிருந்து மிசிசிப்பி ஆற்றைக் காண முடியும். வசந்த காலத்தில் வடக்கு நோக்கியும் இலையுதிர் காலத்தில் தெற்கு நோக்கியும் வாத்துகள் இவ்வாற்றின் வழியே வலசை செல்லும். தந்தை சிறந்த வேட்டைக்காரர். எனினும் இனப்பெருக்கத்துக்காகச் செல்லும் பறவைகளை வசந்த காலத்தில் சுடுவதை, சட்டம் தடைசெய்யும் முன்னரே அவர் தாமாகக் கைவிட்டார். இச்செயல் மகனின் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

நியூ செர்சியில் பள்ளிப் படிப்பை முடித்த லியோபோல்ட், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்று 1909 இல் வனவியலில் முதுகலைப் பட்டம் பெற்றார்.

வனத்துறைப் பணி

1909 இல் அமெரிக்க வனத்துறையில் சேர்ந்த லியோபோல்ட், அப்போது மாநிலத் தகுதி பெற்றிராத அரிசோனாவில் உள்ள அப்பாச்சி தேசிய வனத்துக்கு அனுப்பப்பட்டார். 1912 இல் நியூ மெக்சிக்கோவில் உள்ள கார்சன் தேசிய வனத்தின் மேற்பார்வையாளரானார். அதே ஆண்டு எஸ்டெல்லா பெர்கேரேயை மணந்தார். இவர்களுக்கு ஸ்டார்க்கர், லூனா, நீனா, கார்ல், எஸ்டெல்லா என ஐந்து பிள்ளைகள். 1913 இல் குதிரையில் சுற்றுப்பயணம் செய்தபோது புயலில் நனைந்து, கடும் சிறுநீரக அழற்சிக்கு உள்ளானார். இந்நோயிலிருந்து மீள ஓராண்டுக்கும் மேலானது.

இக்காலத்தில் லியோபோல்ட், ஓநாய்களையும் பிற கொன்றுண்ணிகளையும் முற்றாக ஒழிக்க வேண்டும் என்னும் கொள்கையை ஆதரித்தார். ஓநாய்கள் குறைந்தால் மான்கள் பெருகும், வேட்டைக்காரர்கள் பயனடைவர் என்பது அன்றைய பொதுக் கருத்தாக இருந்தது. 1909 இல் இவரும் உடன் சென்றவர்களும் அரிசோனா மலையில் ஒரு பெண் ஓநாயைச் சுட்டுக் கொன்றனர். அதன் பொருளை உணர்ந்து இவர் எழுத முப்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இவருடைய முயற்சியால் 1924 இல் நியூ மெக்சிக்கோவின் கீலா ஆற்றின் தலைப்பகுதியில் ஏறத்தாழ ஏழரை இலட்சம் ஏக்கர் வனநிலம், சாலைகள் அமைக்கப்படாத கானகப் பகுதியாக ஒதுக்கப்பட்டது. தேசிய வனங்களில் இவ்வாறு ஒதுக்கப்பட்ட முதற்பகுதி இதுவே.

ஆறுகள் குறித்த புரிதல்

தென்மேற்கு மாநிலங்களில் பணியாற்றியபோது மண்ணரிப்பே லியோபோல்டின் கவனத்தை மிகுதியாக ஈர்த்தது. மலைச்சரிவுகளில் அளவுக்கு மீறி மாடுகள் மேய்க்கப்பட்டதால் புல் அழிந்தது. மழைநீர் மண்ணில் ஊறாமல் ஓடி, ஓடைகளை ஆழமான பள்ளங்களாக அரித்தது. அரிசோனாவின் புளூ ஆற்றுப் பள்ளத்தாக்கில் குடியேறிகள் திருத்திய விளைநிலங்களின் பெரும்பகுதியை, ஒரு தலைமுறைக் காலத்துக்குள் வெள்ளம் அடித்துச் சென்றது. ஆற்றின் நோயை ஆற்றில் மட்டும் தேடினால் போதாது, அதற்கு நீரளிக்கும் வடிநிலம் முழுவதிலும் தேட வேண்டும் என்னும் முடிவுக்கு இவர் வந்தது இங்குதான்.

1922 இல் தம் தம்பி கார்லுடன் கொலராடோ ஆற்றின் கழிமுகத்தில் படகுப் பயணம் மேற்கொண்டார். பசுமையான நீர்நிலைகளும் எண்ணற்ற பறவைகளும் நிறைந்திருந்த இப்பகுதி, பின்னர் ஆற்றின் குறுக்கே அணைகள் கட்டப்பட்டு நீர் திருப்பப்பட்டதால் வறண்டது. லியோபோல்ட் மீண்டும் அங்குச் செல்லவில்லை.

1936, 1937 ஆகிய ஆண்டுகளில் மெக்சிக்கோவின் சிவாவா மாநிலத்தில் உள்ள காவிலான் ஆற்றுப் பகுதிக்குச் சென்றார். மேய்ச்சலால் கெடாத அம்மலைகளில் மண் இடம்பெயராமல் இருந்தது, ஓடைகள் தெளிந்து ஓடின, மான்களும் ஓநாய்களும் ஒருங்கே வாழ்ந்தன. தாம் அதுவரை கண்டவை யாவும் நோயுற்ற நிலங்களே என்பதை, நலமான நிலத்தை முதன்முறையாகக் கண்டபோதுதான் இவர் அறிந்தார்.

விஸ்கொன்சினில்

1924 இல் லியோபோல்ட் விஸ்கொன்சின் மாநிலத்தின் மாடிசன் நகரிலிருந்த வனப்பொருள் ஆய்வகத்தின் துணை இயக்குநரானார். 1928 இல் அப்பணியிலிருந்து விலகி, நடு மேற்கு மாநிலங்களில் வேட்டை விலங்குகளின் நிலை குறித்துக் கள ஆய்வு நடத்தினார். 1933 இல் கேம் மேனேஜ்மென்ட் (வேட்டை விலங்கு மேலாண்மை) என்னும் பாடநூலை வெளியிட்டார். அதே ஆண்டு விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் இவரை இத்துறையின் பேராசிரியராக அமர்த்தியது. அமெரிக்காவில் இத்துறைக்கென ஏற்படுத்தப்பட்ட முதல் பேராசிரியர் பதவி இதுவாகும்.

கூன் பள்ளத்தாக்குத் திட்டம்

விஸ்கொன்சினின் தென்மேற்கில் உள்ள கூன் ஓடையின் வடிநிலம், செங்குத்தான குன்றுகளும் குறுகிய பள்ளத்தாக்குகளும் கொண்டது. குடியேறிய உழவர்கள் சரிவின் மேலிருந்து கீழாக உழுதனர், குன்றுகளின் மரக்காடுகளில் மாடுகளை மேய்த்தனர். இதனால் பனி உருகும் காலத்திலும் கோடை மழையிலும் வெள்ளம் பெருகி வண்டல் ஓடையை மூடியது. ஊற்றுகள் வற்றின. குளிர்ந்த நீரில் மட்டுமே வாழும் டிரவுட் மீன்கள் குறைந்தன.

1933 இல் ஹியூ பென்னட் தலைமையில் இயங்கிய மண்ணரிப்புத் தடுப்புப் பணியகம், ஒரு வடிநிலம் முழுவதையும் ஒரே அலகாகக் கொண்டு மீட்கும் அமெரிக்காவின் முதல் திட்டத்தை இங்குத் தொடங்கியது. லியோபோல்ட் இதன் அறிவுரையாளருள் ஒருவராக இருந்தார். மகன்கள் ஸ்டார்க்கரும் லூனாவும் களத்தில் பணியாற்றினர். நானூறுக்கும் மேற்பட்ட உழவர்கள் ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் கையொப்பமிட்டனர். அரசு விதை, சுண்ணாம்பு, வேலிக்கம்பி, ஆள் ஆகியவற்றை அளித்தது. உழவர்கள் பின்வருவனவற்றைச் செய்ய இசைந்தனர்:

- சரிவின் சமமட்டக் கோட்டை ஒட்டி உழுதல்
- சோளம், ஓட்ஸ், தீவனப்புல் ஆகியவற்றை மாறிமாறிப் பட்டைகளாகப் பயிரிடுதல்
- செங்குத்தான சரிவுகளிலிருந்து மாடுகளை விலக்கி மரம் வளர்த்தல்
- ஓடைக்கரைகளை மரஞ்செடிகளால் வலுப்படுத்துதல்

இவற்றின் பயன் பருவந்தோறும் வெளிப்படக் கூடியது. வசந்த காலத்தில் உருகும் பனிநீர் ஓடிவிடாமல் மண்ணில் இறங்குகிறது. அந்நீரே கோடையில் ஊற்றாக வெளிப்பட்டு ஓடையைக் குளிர்ச்சியாகவும் வற்றாமலும் வைத்திருக்கிறது. குளிர்காலத்தில் வேலியடைத்த புதர்கள் காடைகளுக்கு மறைவிடமாகின்றன.

எனினும் ஒப்பந்தக் காலம் முடிந்த பின், தமக்கு உடனடி ஆதாயம் தரும் வழக்கங்களை மட்டுமே பல உழவர்கள் தொடர்ந்தனர் என்பதை லியோபோல்ட் வருத்தத்துடன் பதிவு செய்தார். பணத்தாலும் சட்டத்தாலும் மட்டும் நிலத்தைக் காக்க இயலாது, நிலத்தின்பால் கடமையுணர்வு வேண்டும் என்னும் இவரது வாதத்துக்கு இப்பட்டறிவே அடிப்படையாயிற்று. ஆயினும் நெடுங்கால நோக்கில் இத்திட்டம் பயனளித்தது. சமமட்ட உழவு அப்பகுதியெங்கும் பரவியது. 1930களுடன் ஒப்பிடுகையில், 1990களுக்குள் கூன் ஓடையில் வண்டல் படிவு மிகச் சிறு பங்காகக் குறைந்தது என ஆய்வுகள் காட்டின. டிரவுட் மீன்களும் திரும்பின. ஆனால் 2018 ஆகத்து மாதப் பெருமழையில் இவ்வடிநிலத்தின் வெள்ளத்தடுப்பு அணைகள் சில உடைந்தன. மீட்புப் பணி ஒருமுறை செய்து முடிக்கக்கூடியது அன்று என்பதை இது உணர்த்தியது.

புல்வெளியும் சதுப்பு நிலமும்

1934 இல் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம் மாடிசனில் ஒரு தாவரப் பூங்காவைத் தொடங்கியது. அயல்நாட்டு மரங்களின் காட்சிச்சாலையாக இல்லாமல், குடியேற்றத்துக்கு முந்தைய விஸ்கொன்சினின் நிலத்தோற்றங்களை மீண்டும் உருவாக்கும் இடமாக அது அமைய வேண்டும் என்று லியோபோல்ட் தொடக்க விழாவில் வலியுறுத்தினார். 1935 முதல் அங்குக் கைவிடப்பட்ட பண்ணை நிலத்தில் உயர்புல்வெளி மீட்கப்பட்டது. பின்னர் கர்ட்டிஸ் புல்வெளி எனப் பெயர் பெற்ற இது, உலகின் மிகப் பழைய சூழலியல் மீட்புப் புல்வெளியாகக் கருதப்படுகிறது.

நடு விஸ்கொன்சினின் சதுப்பு நிலங்கள் வேளாண்மைக்காக வடிக்கப்பட்டதையும், உலர்ந்த முற்றாநிலக்கரி மண் தீப்பற்றி எரிந்ததையும், சாண்ட்ஹில் பெருங்கொக்குகள் அருகியதையும் 1937 இல் ஒரு கட்டுரையில் விவரித்தார். அப்போது அம்மாநிலத்தில் சில பத்து இணைகளே எஞ்சியிருந்தன. சதுப்பு நிலங்கள் மீண்டும் நீர் நிரப்பிக் காக்கப்பட்ட பின் இப்பறவைகள் பல்லாயிரமாகப் பெருகின.

மணல் பண்ணை

1935 இல் பரபூ நகருக்கு அருகே விஸ்கொன்சின் ஆற்றங்கரையில், கைவிடப்பட்ட சுமார் 80 ஏக்கர் பண்ணையை லியோபோல்ட் வாங்கினார். மண் வளமிழந்து மணலாகியிருந்தது. வீடு எரிந்துபோயிருந்தது. எஞ்சியிருந்த கோழிக்கொட்டிலைக் குடும்பத்தினர் சாணத்தை அள்ளித் தூய்மைப்படுத்தித் தங்குமிடமாக்கினர். இது பின்னர் குடில் என்ற பெயரால் புகழ்பெற்றது.

ஒவ்வொரு வசந்த காலத்திலும் குடும்பத்தினர் அனைவரும் மரக்கன்றுகள் நட்டனர். 1936 இல் நட்ட பைன் கன்றுகளுள் பெரும்பாலானவை அவ்வாண்டின் கடும் வறட்சியில் கருகின. மறு ஆண்டும் நட்டனர். பின்வந்த ஆண்டுகளில் வறட்சி, வெள்ளம், முயல், மான் ஆகியவற்றால் இழப்புகள் தொடர்ந்தபோதும், நடுவதை நிறுத்தவில்லை. பல்லாயிரம் மரங்கள் இவ்வாறு வளர்ந்தன. புல்வெளித் தாவரங்களும் காட்டுப் பூச்செடிகளும் மீண்டும் வளர்க்கப்பட்டன.

பருவகாலப் பதிவுகள்

லியோபோல்ட் பண்ணையில் கண்டவற்றை நாள்தோறும் குறித்து வைத்தார். ஆற்றில் பனிக்கட்டி உடையும் நாள், வாத்துகள் வந்து சேரும் நாள், ஒவ்வொரு பூவும் மலரும் நாள் முதலியன இவற்றுள் அடங்கும். 1935 முதல் 1945 வரையான பதிவுகளைத் தம் மாணவி சாரா எலிசபெத் சோன்சுடன் இணைந்து 1947 இல் ஆய்வுக்கட்டுரையாக வெளியிட்டார்.

1976 இல் மகள் நீனா அதே இடத்தில் இப்பதிவைத் தொடர்ந்தார். இரு காலப் பதிவுகளையும் ஒப்பிட்டு 1999 இல் வெளியான ஆய்வு, வசந்த கால நிகழ்வுகளுள் பல முன்னரே நிகழத் தொடங்கியதைக் காட்டியது. மீட்புப் பணிக்கு வழிகாட்ட எழுதப்பட்ட குறிப்புகள், இவ்வாறு காலநிலை மாற்றத்துக்குச் சான்றாயின.

மான் சர்ச்சை

ஓநாய்கள் அழிந்த காடுகளில் மான்கள் பெருகி, இளங்கன்றுகளைத் தின்று தீர்த்து, குளிர்காலத்தில் பட்டினியால் மடிந்தன. 1943 இல் மாநில இயற்கைவளப் பாதுகாப்பு ஆணையத்தின் உறுப்பினரான லியோபோல்ட், மான்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும் என்று வாதிட்டார். வேட்டைக்காரர்களும் செய்தித்தாள்கள் சிலவும் இவரைக் கடுமையாகத் தாக்கின. 1944 இல் எழுதிய கட்டுரையில், அரிசோனாவில் ஓநாயைக் கொன்றதையும் தம் பழைய கருத்து தவறானது என்பதையும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார்.

இறப்பு

1948 ஏப்ரல் 14 அன்று இவரது கட்டுரைத் தொகுப்பை வெளியிட ஆக்சுபோர்டு பல்கலைக்கழக அச்சகம் இசைந்தது. ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 21 அன்று, பண்ணைக்கு அருகில் அயலார் நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கச் சென்றபோது மாரடைப்பால் காலமானார். அகவை 61. உடல் பர்லிங்டனில் அடக்கம் செய்யப்பட்டது. மகன் லூனா தொகுப்பைப் பதிப்பித்தார். நூலின் முதற்பகுதி, சனவரி முதல் திசம்பர் வரை மாதவாரியாக மணல் பண்ணையின் வாழ்வை விவரிக்கிறது.

தாக்கம்

பிள்ளைகள் ஐவரும் இயற்கை அறிவியலிலும் பாதுகாப்பிலும் ஈடுபட்டனர். லூனா அமெரிக்க நிலவியல் அளவைத் துறையின் தலைமை நீரியலாளராகப் பணியாற்றினார். ஆறுகள் வளைந்து நெளியும் முறை, அகலம், ஆழம், சரிவு ஆகியவற்றுக்கிடையேயான தொடர்பு குறித்த இவரது ஆய்வுகள், பிற்கால ஆற்று மீட்புப் பணிகளுக்கு அடிப்படையாயின.

1973 இல் அனைத்துலகப் பெருங்கொக்கு அறக்கட்டளை பரபூவில் நிறுவப்பட்டது. 1982 இல் ஆல்டோ லியோபோல்ட் அறக்கட்டளை தொடங்கப்பட்டது. 2009 இல் குடிலும் பண்ணையும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டன. 2014 இல் அமெரிக்க, மெக்சிக்க அரசுகளின் உடன்பாட்டின்படி கொலராடோ ஆற்றின் வறண்ட கழிமுகத்துக்கு நீர் திறந்துவிடப்பட்டு, ஆறு சிறிது காலம் மீண்டும் கடலை அடைந்தது.

லியோபோல்ட் உயிர்நீத்த இடத்துக்கு அருகில் 2007 இல் அறக்கட்டளையின் மையம் கட்டப்பட்டது. பைன் தோப்பின் நலனுக்காக இடைவெட்டி எடுக்கப்பட்ட மரங்கள் இக்கட்டடத்துக்குப் பயன்படுத்தப்பட்டன. அவை லியோபோல்ட் குடும்பத்தினர் தம் கையால் நட்டவை என்பது குறிப்பிடத்தக்கது.

எழுதிய நூல்கள்

- கேம் மேனேஜ்மென்ட் (1933)
- எ சாண்ட் கவுண்டி அல்மனாக் (1949)
- ரவுண்ட் ரிவர் (1953, லூனா லியோபோல்ட் பதிப்பித்தது)