ஜீப்பின் முன் ஆக்சிலுக்குள் ஒளிந்திருக்கும் மனிதர்: யார் இந்த ஸ்பைசர்?

எம். புதுப்பட்டி மாதிரி சிவகாசி வட்டார ஊர்களில் தார் ரோடு முடிந்து கரிசல் காடு ஆரம்பிக்கும் இடத்தில் நல்ல மழை பெய்தால் போதும், பைக் நகராது. நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் கரை சேரும். அப்படிப்பட்ட வண்டியில் பெரிய அடி வாங்குவது முன் ஆக்சில். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் கிராஸ் போச்சு என்பார் மெக்கானிக். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் கூட்டல் குறி வடிவ இரும்புத் துண்டை காருக்குப் பழக்கப்படுத்தியவர் கிளாரன்ஸ் ஸ்பைசர்.

1875-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், பால் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர். கார்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படிக்கும்போதே சொந்தமாக ஒரு கார் கட்ட இறங்கினார். அன்றைக்குப் பல கார்களில் இன்ஜினின் சக்தி சைக்கிள் மாதிரி செயின் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போனது. செயின் கத்தும், தூசி தின்னும், நடுரோட்டில் அறுந்துபோகும். செயினைத் தூக்கிவிட்டு ஷாஃப்ட் போட்டால் என்ன என்று யோசித்தார் ஸ்பைசர்.

ஷாஃப்ட் நேராகத்தான் சுற்றும். பின் ஆக்சிலோ பள்ளத்துக்குப் பள்ளம் மேலும் கீழும் குதிக்கும். நடுவில் மடங்கிக்கொண்டே சுற்றுகிற மூட்டு வேண்டும். அந்த மூட்டு அவர் கண்டுபிடிப்பு இல்லை, பல நூற்றாண்டு பழையது. அவர் செய்தது அதற்கு ஒரு உறை. கிரீஸ் வெளியே போகாது, மண் உள்ளே வராது. கேட்க சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் மண் ரோட்டில் ஒரு மூட்டு ஒரு வாரம் உழைக்குமா, ஒரு வருஷம் உழைக்குமா என்பதே அந்த உறையில்தான் இருக்கிறது. 1903-இல் காப்புரிமை கிடைத்தது. பட்டம் வாங்காமலே படிப்பை விட்டுவிட்டு, 1904-இல் நியூ ஜெர்சியில் தயாரிப்பைத் தொடங்கினார்.

ஆர்டர் குவிந்தது, பணம் கையைக் கடித்தது. 1914-இல் சார்லஸ் டானா என்ற வக்கீல் முதலீட்டோடு உள்ளே வந்தார். நிர்வாகம் மெல்ல அவர் கைக்குப் போனது. ஸ்பைசர் இன்ஜினீயராகவே இருந்துவிட்டார். கம்பெனி பின்னாளில் ஒஹையோவின் டொலிடோ நகருக்கு மாறியது. 1939 நவம்பரில் ஸ்பைசர் இறந்தார்.

அவர் பெயருக்குப் பெரிய பரீட்சை வந்தது அதற்குப் பிறகுதான். 1940-இல் அமெரிக்க ராணுவம், நாலு சக்கரமும் இழுக்கும் சின்ன வண்டி ஒன்றை 49 நாளில் கேட்டது. அந்த அளவு வண்டிக்கு, சக்தி கொடுக்கிற முன் ஆக்சில் கையிருப்பில் கிடையாது. ஸ்டூடிபேக்கர் சாம்பியன் காரின் ஆக்சிலை மாற்றியமைத்துக் கொடுத்தது ஸ்பைசர் கம்பெனி. பாண்டம் நிறுவனத்தின் முதல் வண்டி செப்டம்பர் 23 அன்று ராணுவத்திடம் போய்ச் சேர்ந்தது. அதுதான் ஜீப்பின் முன்னோடி. போர் முடிவதற்குள் வில்லிஸும் ஃபோர்டும் 6 லட்சத்துக்கு மேல் ஜீப் தயாரித்தன. போருக்குப் பிறகு அந்த வில்லிஸ் ஜீப்பைத்தான் மஹிந்திரா இந்தியாவுக்குக் கொண்டுவந்தது.

முன் ஆக்சில் ஏன் இத்தனை தலைவலி? பின் சக்கரம் சுற்றினால் போதும். முன் சக்கரம் சுற்றவும் வேண்டும், திரும்பவும் வேண்டும். சக்கரத்தைத் திருப்பியபடி ஓட்டினால் கிராஸ் மூட்டு ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வேகம் கூடிக் குறையும், ஸ்டியரிங் உதறும். அதனால் போர்க்கால ஜீப்புகளின் முன் சக்கரங்களுக்கு ரெசப்பா, பெண்டிக்ஸ் போன்ற, வேகம் மாறாத மூட்டுகளைப் போட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்னாளில் கரடுமுரடான பாதைக்கென்றே கட்டப்பட்ட பல முன் ஆக்சில்கள் பழைய கிராஸுக்கே திரும்பின. சேற்றில் ஊர்ந்துதானே போகிறோம், கொஞ்சம் உதறினால் உதறட்டும். பதிலுக்கு விலை குறைவு, உடைந்தால் வழியிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பெரிய டயர் மாட்டும் ஆசை உள்ளவர்கள் இங்கே கவனிக்கணும். டயர் பெரிதானால் ஹவுசிங் வளையும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்து, சக்கரம் கல்லில் சிக்கிய நேரத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் கிராஸ் தெறிக்கும். அதனால்தான் ஜீப் பிரியர்கள் மெலிந்த டானா 30-ஐக் கழற்றிவிட்டு, தடித்த டானா 44-ஐத் தேடுகிறார்கள்.

ஆம், டானா. 1946-இல் கம்பெனிக்கே வக்கீலின் பெயரை வைத்துவிட்டார்கள், ஆக்சிலும் அந்தப் பெயரில்தான் விற்கிறது. அதற்குள் போடுகிற கிராஸ் வரும் டப்பாவில் மட்டும் இன்றும் ஸ்பைசர் என்றே அச்சடித்திருக்கிறது.