ரிச்சர்ட் கிளார்க் காபட்

ரிச்சர்ட் கிளார்க் காபட் (1868 - 1939) ஓர் அமெரிக்க மருத்துவரும் சமூக அறவியல் பேராசிரியரும் ஆவார். மருத்துவமனைச் சமூகப் பணியின் முன்னோடிகளுள் ஒருவராக இவர் கருதப்படுகிறார். சிறார் குற்றத் தடுப்பு முயற்சி ஒன்றின் பயனை, குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்ட இரு குழுக்களை ஒப்பிட்டு அளந்த தொடக்ககால ஆய்வான கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வை உருவாக்கியவர் இவரே.

வாழ்க்கைக் குறிப்பு

காபட் 1868 மே 21 அன்று மாசசூசெட்ஸ் மாநிலத்தின் புரூக்ளைன் நகரில் பிறந்தார். இவரது தந்தை ஜேம்ஸ் எலியட் காபட், எழுத்தாளர் எமர்சனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர். காபட் 1889இல் ஹார்வர்ட் கல்லூரியிலும் 1892இல் ஹார்வர்ட் மருத்துவப் பள்ளியிலும் பட்டம் பெற்றார். 1894இல் எல்லா லைமன் என்பவரை மணந்தார். 1920 முதல் 1934 வரை ஹார்வர்டில் சமூக அறவியல் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மருத்துவப் பணி

பாஸ்டனிலுள்ள மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியாற்றியபோது, வீட்டுச் சூழலையும் வறுமையையும் அறியாமல் ஏழை நோயாளிகளுக்கு மருந்து மட்டும் எழுதித் தருவதால் பயனில்லை என்று காபட் உணர்ந்தார். எனவே 1905இல் அங்கே சமூகப் பணியாளரை அமர்த்தும் முறையைத் தொடங்கினார்.

உயிருடன் இருந்தபோது மருத்துவர்கள் கணித்த நோயையும், இறந்தபின் பிணக்கூறாய்வில் கண்டறியப்பட்ட நோயையும் ஒப்பிட்டு, 3,000 ஆய்வுகளின் முடிவுகளை 1912இல் வெளியிட்டார். சில நோய்களில் பாதிக்கும் மேற்பட்ட கணிப்புகள் தவறானவை என்பது இதனால் தெரியவந்தது. மருத்துவரின் நம்பிக்கை மட்டுமே சான்றாகாது என்ற இக்கருத்தைக் காபட் பின்னர் சமூகப் பணிக்கும் பொருத்தினார். 1931இல் அமெரிக்கத் தேசியச் சமூகப் பணி மாநாட்டின் தலைவராக ஆற்றிய உரையில், சமூகப் பணியாளர்கள் தம் பணியின் வெற்றி தோல்வியை அளந்தறிய வேண்டும் என்று வலியுறுத்தினார்.

கேம்பிரிட்ஜ்-சாமர்வில் இளைஞர் ஆய்வு

பாஸ்டனை அடுத்துள்ள கேம்பிரிட்ஜ், சாமர்வில் ஆகிய நகரங்களில் 1930களின் நடுப்பகுதியில் காபட் இவ்வாய்வுக்கான பணிகளைத் தொடங்கினார். அன்பும் வழிகாட்டுதலும் நல்கும் ஒரு பெரியவரின் நட்பு, சிறுவரைக் குற்றவழியிலிருந்து காக்கும் என்பது இவரது எண்ணம். வயது, குடும்பம், வாழிடம் முதலியவற்றில் ஒத்த சிறுவர்கள் இருவர் இருவராக இணைக்கப்பட்டனர். ஒவ்வோர் இணையிலும் யாருக்கு உதவி என்பது நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யப்பட்டது. மற்றவர் ஒப்பீட்டுக் குழுவில் சேர்க்கப்பட்டார்.

தொடக்கத்தில் 325 இணைகள் இருந்தன. உதவி பெற்ற சிறுவர்களை ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று சந்தித்தனர். கல்வி உதவி, மருத்துவ உதவி, கோடைக்கால முகாம் ஆகியனவும் ஏற்பாடு செய்யப்பட்டன. உதவிப் பணிகள் 1939இல் தொடங்கின. அதே ஆண்டு மே மாதத்தில் காபட் காலமானார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் இணைகளின் எண்ணிக்கை 253ஆகக் குறைந்தது. திட்டம் 1945இல் நிறைவுற்றது.

முடிவுகள்

1951இல் வெளியான முதல் மதிப்பீட்டில், நீதிமன்றத்திற்கு வந்த சிறுவர்களின் எண்ணிக்கையில் இரு குழுக்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. குற்றவியலாளர் ஜோன் மெக்கார்ட் அச்சிறுவர்களை நடுவயதில் மீண்டும் தேடிக் கண்டறிந்து, 1978இல் தம் முடிவுகளை வெளியிட்டார். உதவி பெற்றவர்களுள் மூன்றில் இரு பங்கினர் திட்டம் தமக்கு நன்மை செய்ததாகக் கூறியிருந்தனர். ஆயினும் குற்றம் புரிந்தவர்களை மட்டும் ஒப்பிட்டபோது, மீண்டும் குற்றம் புரிந்தோர் உதவி பெற்ற குழுவிலேயே மிகுதியாக இருந்தனர். குடிப்பழக்கச் சிக்கலும் கடும் மனநோயும் அக்குழுவிலேயே கூடுதலாகக் காணப்பட்டன. முகாம்களில் குறும்புக்காரச் சிறுவர்கள் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் தீய பழக்கங்களை ஊக்குவித்தது ஒரு காரணமாகலாம் எனப் பிற்கால ஆய்வுகள் கருதின. உதவி பெற்றவர்கள் இளவயதில் இறந்தனர் என்ற முந்தைய கண்டறிதலை, 2019இல் வெளியான நீண்டகாலத் தொடராய்வு உறுதிப்படுத்தவில்லை.

தாக்கம்

ஒப்பீட்டுக் குழு இல்லாதிருந்தால், பயனாளிகளின் நன்றியுரைகளைக் கொண்டே இத்திட்டம் பெரும் வெற்றி எனப் பதிவாகியிருக்கும். நல்லெண்ணத்துடன் செய்யப்படும் உதவியும் தீங்கு விளைவிக்கக்கூடும் என்பதற்கு இவ்வாய்வு இன்றும் எடுத்துக்காட்டாகக் காட்டப்படுகிறது. காபட்டின் எண்ணம் மெய்ப்படவில்லை. எனினும் அதைச் சோதித்தறிய அவர் வகுத்த முறை குற்றத் தடுப்பு ஆய்வுகளில் நிலைபெற்றுள்ளது.