விடுதலைக்குப் பின் வ.உ.சி.

வ.உ.சிதம்பரனார் என்றதும் கப்பலும் செக்கும் நினைவுக்கு வருகின்றன. மேடைப் பேச்சுகள் பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகின்றன. சிறைக் கதவு திறந்த பிறகு அவர் வாழ்ந்த ஏறத்தாழ 24 ஆண்டுகளைப் பற்றியே நான் இங்கு எழுத விரும்புகிறேன்.

1872-இல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த அவர், தூத்துக்குடியில் வழக்குரைஞராகப் பெயர் பெற்றார். 1906-இல் சுதேசிக் கப்பல் நிறுவனத்தைத் தொடங்கினார். 1908-இல் கோரல் ஆலைத் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணைநின்றார். அதே ஆண்டு அரச நிந்தனை வழக்கில் அவருக்கு விதிக்கப்பட்ட இரட்டை ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டது. கோவை, கண்ணூர் சிறைகளில் வாடி, 1912 இறுதியில் வெளியே வந்தார்.

அதற்குள் கப்பல் நிறுவனம் கலைக்கப்பட்டிருந்தது. வழக்குரைஞர் உரிமமும் பறிபோயிருந்தது. சென்னையில் குடியேறி மளிகைக் கடையும் மண்ணெண்ணெய்க் கடையும் நடத்திப் பார்த்தார், வறுமை நீங்கவில்லை. தென்னாப்பிரிக்க இந்தியர்கள் தமக்காகத் திரட்டிய சிறுதொகையைக் கேட்டுக் காந்தியடிகளுக்குக் கடிதம் எழுதிக் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் கோவையில் வங்கிப் பணி. அந்த வருவாயும் போதவில்லை. இறுதியில் ஆங்கிலேய நீதிபதி வாலஸ் உரிமத்தைத் திரும்ப வழங்கினார். அந்த நன்றியை மறவாது தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார் வ.உ.சி. கோவில்பட்டியிலும் தூத்துக்குடியிலும் மீண்டும் வழக்காடி, 1936 நவம்பர் 18 அன்று மறைந்தார்.

நாட்டுக்காகச் சிறை சென்றவரையும் குற்றம் புரிந்து சென்றவரையும் ஒப்பிடலாமா என்ற கேள்வி எழலாம். குற்றத்தின் தன்மையை நான் ஒப்பிடவில்லை. விடுதலைக்குப் பிந்தைய நிலையையே ஒப்பிடுகிறேன். சட்டம் கற்று, கப்பலோட்டிய ஒருவருக்கே பிழைப்புக்கான வழி அடைபட்டதென்றால், பெயரறியாத ஒருவரின் நிலை என்ன?

இன்று தமிழகச் சிறைகளில் நெசவு முதலிய தொழில்கள் கற்பிக்கப்படுகின்றன. சிறைவாசிகள் பெட்ரோல் நிலையங்களையும் நடத்துகின்றனர். ஆனால், விடுதலையான மறுநாள் அவர் வந்து சேர்வது ஒரு நகரத்துக்கு. அங்கே காவல் துறையின் நன்னடத்தைச் சான்று கேட்கப்படும்போது, கற்ற தொழில் பயனற்றுப் போகிறது.

மாநகராட்சிகள் செய்யக்கூடியவை உண்டு. பணியோடு தொடர்பில்லாத பழைய வழக்கைக் காரணம் காட்டி வேலை மறுக்கக் கூடாது என்று தம் ஒப்பந்ததாரர்களுக்கு நிபந்தனை விதிக்கலாம். தெருவோரக் கடைக்கான சான்றும் சிறுகடனும் விரைந்து கிடைக்க உதவலாம். பறிக்கப்பட்ட தொழில் உரிமத்தை மீட்க இலவசச் சட்ட உதவிக்கு வழிகாட்டலாம். வ.உ.சி.யை மீண்டும் நீதிமன்றம் ஏறச் செய்தது அத்தகையதோர் அனுமதிதான். அதற்கு அவர் பல்லாண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று விடுதலையாகிறவர்களையும் நாம் அப்படிக் காக்கவைக்கலாகாது.