உபநிடதம் படித்த ஜெர்மானியர்

ஜெர்மன் தத்துவ ஞானி ஷோப்பன்ஹவர் 1788-ல் பணக்கார வியாபாரி வீட்டில் பிறந்தார். 17 வயதில் தந்தையை இழந்தார். தாயோடும் ஒத்துப்போகவில்லை.

1814-ல் அவருக்கு ஒரு லத்தீன் நூல் கிடைத்தது. அது, உபநிடதங்களின் மொழிபெயர்ப்பு!

நாம் காண்பது தோற்றமே. உண்மைப் பொருளை அறிய முடியாது என்று ஜெர்மன் அறிஞர் கான்ட் கூறியிருந்தார். இதைத்தானே இந்தியர்கள் மாயை என்றார்கள் என வியந்தார், ஷோப்பன்ஹவர்.

அறத்துக்கு வேர் எது? பகுத்தறிவு காட்டும் கடமை என்றார், கான்ட். எல்லா உயிரும் ஒன்றே. பிறர் துன்பம் நம் துன்பமே. ஆகவே இரக்கமே வேர் என்றார், ஷோப்பன்ஹவர்.

1818-ல் வெளிவந்த அவரது பெரிய நூல் விற்கவில்லை. முதுமையில்தான் புகழ் வந்தது. 1860-ல் பிராங்பர்ட் நகரில் காலமானார்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனிமைக்குத் துணை, நாய்தான். அதற்கு அவர் வைத்த பெயர், ஆத்மா!