இருட்டறையில் தோன்றிய பிறை
(அறிஞர் இப்னுல் ஹைதம் வாழ்வும் பணியும்)

2019-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் காலை தமிழகத்தில் சூரிய கிரகணம் காணப்பட்டது. கோவை, திண்டுக்கல், புதுக்கோட்டை முதலிய ஊர்களில் கதிரவன் வளையமாகத் தோன்றினான். ஏனைய ஊர்களில் பிறை வடிவாய்க் குறைந்தான். அன்று வானத்தை நோக்கியவர் பலர்; மண்ணை நோக்கியவர் சிலரே. அச்சிலர் ஒரு வியப்பைக் கண்டனர். மரநிழலில் நாள்தோறும் சிதறிக் கிடக்கும் ஒளிப்பொட்டுகள் அன்று வட்டமாக இல்லை. சிறுசிறு பிறைகளாகக் கிடந்தன. இலைகளின் இடுக்குகளோ கோணலும் மாணலுமாகப் பல வடிவின. அவற்றின் வழியே வந்த ஒளி மட்டும் ஏன் பிறையாக விழ வேண்டும்?

இவ்வினா பழையது, கிரேக்கர் காலத்திலேயே எழுந்து விடையின்றி நின்றது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன் இதனை எடுத்துக்கொண்டு, கிரகணத்தின் வடிவம் பற்றித் தனி நூலே இயற்றியவர் அபூ அலீ அல்ஹஸன் இப்னுல் ஹைதம் ஆவார். ஐரோப்பியர் அவரை அல்ஹாஸன் என்பர். ஒரு பொருளின் உரு எவ்வாறு தோன்றுகிறது, அவ்வுருவை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதே அவர் வாழ்நாள் முழுதும் தொடர்ந்த வினாவாகும்.

அவர் ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965-ஆம் ஆண்டளவில் ஈராக்கிலுள்ள பஸ்ரா நகரில் பிறந்தார். அவருடைய இளமையைப் பற்றி நமக்குக் கிடைப்பவை சிலவே. கணிதம், வானியல், மெய்யியல் ஆகியவற்றில் தேர்ந்தார். யூக்ளிடையும் தாலமியையும் கரை கண்டார். பின்னர் அவர் வாழ்வைத் திசைதிருப்பியது நைல் நதி.

எகிப்தில் நைல் சில ஆண்டுகளில் பெருகி அழிக்கும். சில ஆண்டுகளில் வற்றி வாட்டும். தாம் எகிப்தில் இருந்தால் அந்நதியை நெறிப்படுத்தும் வழி காண இயலும் என இப்னுல் ஹைதம் கூறியதாகச் செய்தி பரவியது. ஃபாத்திமிய கலீபா அல்ஹாக்கிம் அதனைக் கேள்வியுற்று அவரை அழைத்தார். நகருக்கு வெளியே தாமே வந்து எதிர்கொண்டார். ஆட்களும் பொருளும் தந்து தெற்கே அனுப்பினார். அறிஞர் நதியின் போக்கிலே மேலேறி அஸ்வான் வரை சென்றார். வழியெங்கும் பண்டை எகிப்தியர் எழுப்பிய கட்டடங்களைக் கண்டார். அளவும் நுட்பமும் அத்துணை சிறந்த அவற்றைக் கண்டதும் அவர் உள்ளம் தளர்ந்தது. இத்தகையோர் வாழ்ந்த நாட்டில் இப்பணி இயலுவதாயின் அவர்களே முடித்திருப்பார்கள் அன்றோ என எண்ணினார். அஸ்வானுக்கு அருகே நதியின் நிலையைப் பார்த்தபின் தம் திட்டம் நிறைவேறாது என்று தெளிந்தார். (அதே அஸ்வானில் 1902-இல் ஓர் அணையும் 1970-இல் பேரணையும் கட்டி முடிக்கப்பட்டன. அவர் தேர்ந்த இடம் பிழையன்று. காலமே ஒன்பது நூற்றாண்டு முந்தியது.)

திரும்பி வந்து தம் தோல்வியை அவர் கலீபாவிடம் ஒப்புக்கொண்டார். வாக்களித்த ஒன்றை இயலாது என அரசர் முன் சொல்வது எளிதன்று. அதிலும் அல்ஹாக்கிமின் மனம் எக்கணம் எவ்வாறு மாறும் என்று எவரும் அறியார். கலீபா தந்த அலுவலை அச்சத்தோடு ஏற்ற அறிஞர், அதிலிருந்து தப்ப வேறு வழி காணாது பித்தர் போல் நடித்தார். அவர் உடைமைகள் கைக்கொள்ளப்பட்டன. அவரும் தம் வீட்டிலேயே அடைக்கப்பட்டார். 1021-ஆம் ஆண்டில் ஓரிரவு வெளியே சென்ற அல்ஹாக்கிம் மீளவில்லை. அதன் பின்னரே அறிஞரின் பித்தும் தெளிந்தது.

இவ்வரலாற்றை எழுதிவைத்த அல்கிஃப்தீ, அறிஞர் மறைந்து இருநூறு ஆண்டுகட்குப் பின் வாழ்ந்தவர் என்பதை மறத்தல் ஆகாது. அந்த வீட்டுச் சிறையில் கதவிடுக்கின் வழியே வந்த ஒளிக்கீற்றைக் கண்டே இருட்டறைத் தத்துவத்தை அவர் கண்டுபிடித்தார் என நம் மேடைகளில் சுவைபடக் கூறுவதுண்டு. நாமும் அவ்வாறு கூறியதுண்டு. அதற்குச் சான்றில்லை. அவருடைய ஒளியியல் பெருநூல் விடுதலைக்குப் பின்னர், 1028-க்கும் 1038-க்கும் இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்டது என்பது அந்நூலைப் பதிப்பித்து ஆராய்ந்த அறிஞரின் முடிபு. ஐக்கிய நாடுகள் அவை 2015-ஐ ஒளி ஆண்டாக அறிவித்தபோது அந்நூலின் ஆயிரமாம் ஆண்டு எனக் கொண்டாடினர். அக்கணக்கும் இதனோடு பொருந்தவில்லை. எனினும் கொண்டாடியது நன்றே.

விடுதலைக்குப் பின் அவர் கெய்ரோவில் அல்அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு குவிமாடத்தில் தங்கினார். யூக்ளிடின் வடிவியலையும் தாலமியின் அல்மஜெஸ்டையும் படியெடுத்து விற்று, ஆண்டுக்கு 150 தீனார் பெற்று, அதனைக் கொண்டே வாழ்ந்தார் என்பர். அரசவையில் அஞ்சி வாழ்ந்தவர் எழுதுகோலால் உண்டு அமைதி பெற்றார். தாம் படியெடுத்த ஆசிரியர்களையே ஐயுற்றுக் கேள்வி கேட்டவரும் அவரே. தாலமியின் நூல்களில் தமக்குத் தோன்றிய முரண்களைத் தொகுத்துத் தனி நூலாக்கினார். முன்னோர் நூலைக் கற்பவன் அதன்பால் ஐயமும், தன்பாலும் ஐயமும் கொள்ளல் வேண்டும் என்பது அந்நூலின் முகப்பில் அவர் நிறுவும் நெறி.

இனி, அவர் ஒளியியலுக்கு வருவோம். ஏழு பகுதிகளைக் கொண்ட கிதாபுல் மனாழிர் என்னும் அந்நூல் எழுந்த காலத்தில், காட்சி பற்றி இருவேறு கொள்கைகள் நிலவின. யூக்ளிடும் தாலமியும் கண்ணிலிருந்து நோக்குக் கதிர்கள் வெளிச்சென்று பொருளைத் தொடுகின்றன என்றனர். மெய்யியலார், பொருளின் வடிவம் கண்ணை வந்தடைகிறது என்றனர். ஆயின் மலையின் உருவம் சிறு கண்மணிக்குள் எவ்வாறு புகும் என்பதற்கு அவர்களிடம் விடையில்லை. இப்னுல் ஹைதம் கண்ட விடை இது: ஒளிபெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசையிலும் ஒளி நேர்கோட்டில் செல்கிறது. உரு என்பது முழுதாகப் பெயர்ந்து வருவதன்று. புள்ளி புள்ளியாக வந்து சேர்வது.

இதனை அவர் வாதத்தால் மட்டும் நிறுவவில்லை. இருட்டறை ஒன்றில் செய்து காட்டினார். அறையின் துளைக்கு வெளியே விளக்குகள் பலவற்றைத் தனித்தனி இடத்தில் வைத்தார். உள்ளே ஒவ்வொரு விளக்குக்கும் நேர் எதிரே ஓர் ஒளிப்பொட்டு விழுந்தது. ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய பொட்டு மட்டும் மறையும். திரையை நீக்கினால் முன்னிருந்த இடத்திலேயே மீண்டும் தோன்றும். எல்லா ஒளியும் ஒரே துளையின் வழியே புகுந்தும் ஒன்றோடொன்று கலந்து கெடவில்லை என்பது இதனால் தெளிவாயிற்று. நம் மாணவர் ஒரு மாலைப்பொழுதில் மூன்று மெழுகுவத்தியும் துளையிட்ட அட்டையும் கொண்டு இதனைச் செய்து பார்க்கலாம்.

கிரகணப் பிறையின் புதிரும் இதனால் அவிழ்ந்தது. குறைந்த கதிரவனின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் வழியே எதிர்த்தளத்தில் துளையின் வடிவத்தை வரைகிறது. துளையின் ஒவ்வொரு புள்ளியும் கதிரவனின் பிறையைத் தலைகீழாக வரைகிறது. திரையில் நாம் காண்பது இவ்விரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த கலவை. துளை சிறிதாயின் பிறை வெல்லும். துளை பெரிதாயின் துளையின் வடிவமே வெல்லும். துளைக்கும் திரைக்கும் இடையே ஒரு மீட்டர் தொலைவு இருப்பின் கதிரவனின் உரு ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலமே இருக்கும் என்பது இன்றைய கணக்கு. துளை அதனினும் மிகச் சிறிதாயின் அன்றிப் பிறை தெளிவாகத் தோன்றாது. மூன்றாம் பிறைநிலவை அதே துளையின் வழியே நோக்கினால் சுவரில் பிறை தோன்றாதது ஏன் என்றும் அவர் கேட்டார். துளையின் அளவையும், நிலவின் ஒளி மங்கலையும், அப்பிறையின் வளைவையும் ஒப்புநோக்கி விடை தேடினார். இங்கே சற்று நிற்க வேண்டும். ஓர் உரு தோன்றியதும் அதில் மயங்கி நின்றவர் பலர். அவ்வுரு எப்போது மெய் சொல்லும், எப்போது பொய் சொல்லும் எனக் கருவியையே சோதித்தவர் அவர்.

வானப் பொருள்களைப் பற்றிய அவர் ஆய்வும் இவ்வாறே அமைந்தது. நிலவு கதிரவனின் ஒளியைக் கண்ணாடி போல் எதிரொளிக்கிறது என்ற கருத்தை அவர் மறுத்தார். மெருகிட்ட கோளாடியாயின் அதன்மேல் ஒரு சிறு இடம் மட்டுமே ஒளிரும். நிலவோ ஒளிபட்ட பரப்பு முழுதும் விளங்குகிறது. எனவே அதன் ஒவ்வொரு புள்ளியும் தான் பெற்ற ஒளியை எங்கும் பரப்புகிறது என்றார். நிலவிலுள்ள கறைகளைப் பற்றியும் நூல் செய்தார். அடிவானத்து நிலவு பெரிதாகத் தோன்றுவது வானில் நிகழும் மாற்றமன்று, நம் உள்ளத்தின் கணிப்பில் நிகழும் பிழையே என்றும் விளக்கினார்.

அவரும் தவறினார். இருட்டறையில் உரு தலைகீழாக விழுவதைக் கண்டவர், கண்ணும் அத்தகைய இருட்டறையே எனத் துணிந்து கூறவில்லை. உலகம் நமக்கு நேராகத் தோன்றுவதால், கண்ணுள்ளும் உரு நேராகவே அமைதல் வேண்டும் எனக் கொண்டார். பார்வையின் இடம் விழிவில்லை என்றும் கருதினார். விழித்திரையில் உரு தலைகீழாகவே விழுகிறது என்பதை நிறுவ 1604-இல் கெப்ளர் வர வேண்டியிருந்தது. கெப்ளர் கற்றது இப்னுல் ஹைதம் வழிவந்த ஒளியியலையே.

இன்னொன்றும் உரைத்தல் வேண்டும். கேமரா என்னும் சொல் அரபியின் கமரா என்பதிலிருந்து பிறந்தது எனவும், அக்கருவியைக் கண்டுபிடித்தவரே இப்னுல் ஹைதம் எனவும் நம்மவர் எழுதுகின்றனர். அச்சொல் அறை எனப் பொருள்படும் இலத்தீன் சொல். இலத்தீன் அதனைக் கிரேக்கத்திலிருந்து பெற்றது. அறிஞர் அரபியில் வழங்கியது அல்பைத்துல் முழ்லிம், அதாவது இருண்ட வீடு, என்னும் தொடரையே. துளை வழியே உரு விழுவதும் அவருக்கு முன்பே சீனரும் கிரேக்கரும் அறிந்த செய்தி. இல்லாத பெருமையை ஏற்றினால் உள்ள பெருமையையும் பிறர் ஐயுறுவர். தாலமியையே விடாது வினவியவர் தம்மைப் பற்றிய மிகைக்கூற்றை மட்டும் விரும்பியிருப்பாரா?

நம்மவர் அவரைப் புகழ்ந்த அளவுக்குப் பயின்றனரா என்பதும் எண்ணத்தக்கது. அவர் கி.பி. 1040-ஆம் ஆண்டளவில் கெய்ரோவில் மறைந்தார். 1083-ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் அவர் மருமகனே அப்பெருநூலைப் படியெடுத்தார். அப்படி இன்று இஸ்தன்புல்லில் உள்ளது. இரு கண்களும், அவற்றின் நரம்புகள் ஒன்றுகூடும் இடமும் வரையப்பட்ட படம் அதில் உண்டு. ஆயினும் கீழை நாடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நூலை ஆழ்ந்து கற்றோர் அரியர். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீகத்துக் கமாலுத்தீன் அல்ஃபாரிஸீ தம் ஆசிரியர் தூண்டுதலால் அதனைத் தேடிப்பெற்று விரிவுரை வரைந்தார். நீர் நிரம்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு வானவில்லின் தோற்றத்தை விளக்கினார். அதற்குள் இலத்தீன் மொழிபெயர்ப்பு ஐரோப்பாவில் பரவியிருந்தது. ரோஜர் பேக்கன் முதலியோர் அதனைக் கற்றனர். 1572-இல் பாசல் நகரில் அச்சேறியது.

வில்லைகளும் தொலைநோக்கிகளும் பெருகிய பின் ஊசித்துளைக்கு வேலையில்லை என நினைக்கத் தோன்றும். எக்ஸ் கதிர்களைக் கண்ணாடி வில்லை குவிப்பதில்லை. ஆகவே 1960-இல் அமெரிக்க அறிவியலார் ஊசித்துளைக் கேமரா ஒன்றை ராக்கெட்டில் ஏற்றி வளிமண்டலத்திற்கு மேலே அனுப்பினர். கதிரவனின் முதல் எக்ஸ் கதிர்ப் படம் அதில்தான் கிடைத்தது. ராக்கெட் சுழன்றமையால் படம் மங்கிக் கலைந்திருந்தது. எனினும் ஒளிர்ந்த பகுதிகள் இன்னவை என அறிய முடிந்தது. 2015-இல் நம் நாடு ஏவிய அஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் ஒரு கருவியில், ஒரு துளைக்கு மாறாகத் துளைகள் பல கொண்ட தகடு பொருத்தப்பட்டது. அத்தகட்டின் நிழல் உணர்கருவியில் எவ்வாறு விழுகிறது எனக் கணக்கிட்டு, கதிர் வந்த திசையையும் விண்பொருளின் உருவையும் மீட்டெடுப்பர். ஒவ்வொரு விண்புள்ளியும் துளையின் வடிவத்தையே திரையில் வரைகிறது என்ற பழைய கணக்கே அங்கும் அடிப்படை.

நிலவின் கிழக்கு விளிம்பருகே, மாரே கிரிசியம் என்னும் கருஞ்சமவெளியை அடுத்து, ஏறத்தாழ 33 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம் ஒன்றுக்கு அல்ஹாஸன் என்று பெயர். விளிம்பை ஒட்டியிருப்பதால் வளர்பிறையின் தொடக்க நாள்களிலேயே அதன்மீது வெயில் படும். மூன்றாம் பிறையன்று மாலை, மேற்கு வானம் தெளிந்திருப்பின், சிறு தொலைநோக்கி கொண்டு அதனைத் தேடிக் காணலாம்.