நார்வே தந்த நிரல் அறிஞர் கிறிஸ்டன் நிகார்ட்

கணிப்பொறி ஆய்வகத்தில் இனக்குழு, பொருள் என்னும் சொற்களை நாம் நாள்தோறும் கையாளுகிறோம். இக்கருத்துகளை நிரல்மொழிக்குள் முதலில் கொண்டுவந்த இருவருள் ஒருவர் கிறிஸ்டன் நிகார்ட்.

அவர் 1926 ஆகஸ்டு 27இல் ஆஸ்லோ நகரில் பிறந்தார். 1948இல் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்து, நார்வேயின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டார். வேலை பார்த்துக்கொண்டே படித்து 1956இல் கணிதத்தில் முதுகலைப் பட்டம் பெற்றார். 1960இல் நார்வே கணிப்பு மையத்திற்கு மாறினார். அங்கு ஓலே யோஹான் டால் என்பவருடன் சேர்ந்து அவர் படைத்ததே சிமுலா மொழி.

முதல் சிமுலாவில் ஒரு குறை இருந்தது. ஒரு மாறி எந்த இனத்துப் பொருளைச் சுட்டுகிறது என்பதை நிரல் ஓடும்போதுதான் சோதிக்க முடிந்தது. 1966இல் பிரான்சு நாட்டில் நடந்த கோடைப் பள்ளியில் டோனி ஹோர் என்ற அறிஞரின் கருத்துகள் இவர்களுக்கு வழிகாட்டின. பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரிகளும் பேருந்துகளும் வரிசையில் நிற்பதை எண்ணிப் பார்த்தனர். எல்லாம் வண்டிகளே; ஆயினும் சரக்கின் எடை லாரிக்கு மட்டுமே உண்டு. ஆகவே சிமுலா 67இல் ஒவ்வொரு சுட்டு மாறிக்கும் அதன் இனக்குழுவை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும் என்று விதித்தனர். வண்டி என்று அறிவித்த மாறியிடம் சரக்கின் எடையைக் கேட்டால், நிரல் ஓடுமுன்பே நிரல்பெயர்ப்பி மறுத்துவிடும். வண்டி மாறியை லாரி மாறிக்கு மதிப்பிருத்தினால் மட்டும், உள்ளே இருப்பது லாரிதானா என்பதை ஓடும்போது சோதிக்க விட்டனர். ஏனெனில் எழுத்தைப் பார்த்து மட்டும் அதைச் சொல்ல இயலாது. (பைத்தானில் இனம் குறிக்காமல் எழுதிவிட்டு, செய்முறைத் தேர்வின் கடைசி நிமிடத்தில் பிழைச்செய்தி கண்டு விழித்த நண்பர்களுக்கு இதன் அருமை தெரியும்!)

நிகார்டை நான் பெரிதும் மதிப்பது வேறொன்றுக்காக. தம் கருவியே ஆலைகளில் தொழிலாளரைக் கட்டுப்படுத்தப் பயன்படலாம் என்று அவர் அஞ்சினார். 1970களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்துடன் சேர்ந்து, கணிப்பொறியைப் பற்றித் தொழிலாளரே அறிந்து கருத்துச் சொல்ல வகைசெய்தார். 1975இல் நார்வேயில் தொழிற்சங்கங்களுக்கும் முதலாளிகளுக்குமிடையே ஏற்பட்ட உடன்பாட்டிற்கு இப்பணி வித்திட்டது. அறிவியல் படித்தவர் ஆலை வாசலுக்கும் சென்றார்!

நிகார்டுக்கும் டாலுக்கும் 2001ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது சேர்த்தே வழங்கப்பட்டது. 2002 ஜூன் 29இல் டால் மறைந்தார். சரியாக ஆறு வாரம் கழித்து, ஆகஸ்டு 10இல், நிகார்டும் மறைந்தார்.