வின்ஸ்டன் சர்ச்சில்

சர் வின்ஸ்டன் சர்ச்சில் (நவம்பர் 30, 1874 - ஜனவரி 24, 1965) இரண்டாம் உலகப் போரின்போது ஐக்கிய இராச்சியத்தின் பிரதமராக இருந்தவர். 1953 இல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு பெற்றார். சுருட்டுச் சுவைஞராகவும் அறியப்படுகிறார்.

சுருட்டுப் பழக்கம்

1895 இல் இளம் படை அதிகாரியாகக் கியூபா சென்ற இவர், அவானாச் சுருட்டின் மீது பற்றுக் கொண்டார். அடுத்த ஆண்டு இவரது குதிரைப்படை பெங்களூர் வந்தது. திண்டுக்கல் வட்டாரப் புகையிலையைக் கொண்டு திருச்சிராப்பள்ளி உறையூரில் கையால் சுற்றப்பட்ட சுருட்டுகளையும் இவர் விரும்பிப் புகைத்ததாகக் கூறுவர். 1930களில் இந்தியத் தன்னாட்சியைக் கடுமையாக எதிர்த்தவரின் பெயரே உறையூர்ச் சுருட்டின் புகழோடு சேர்ந்துவிட்டது விந்தையே.

நச்சுச் சோதனை

1941 இல் கியூபாவிலிருந்து உயர்தரச் சுருட்டுகள் நிறைந்த பேழை ஒன்று இவருக்குப் பரிசாக வந்தது. நஞ்சு கலந்திருக்கலாம் என ஐயுற்ற பாதுகாப்புத் துறை, விக்டர் ரோத்சைல்டு வழியாக மாதிரிகளைச் சோதித்தது. சோதிக்கப்பட்ட சுருட்டு அழிந்துவிடும். எஞ்சியவற்றுக்கு உறுதி கூற இயலாது. சர்ச்சிலோ சோதனைக்கு முன்னரே கூட்டமொன்றில் அவற்றை அமைச்சர்களுக்கு வழங்கிவிட்டார்.

இவர் 1946 இல் மீண்டும் அவானா சென்றார். ரோமியோ இ சூலியெட்டா நிறுவனம் தனது ஏழு அங்குல நீளச் சுருட்டுக்கு இவர் பெயரைச் சூட்டியது. பிற நிறுவனங்களும் அவ்வளவுச் சுருட்டை சர்ச்சில் என்றே அழைக்கின்றன.